பட்டியலின் கடைசிப் பெயர்

குனி. எடு. மடி. ஓலைக் கடகத்தில் போடு. நிமிராதே, நிமிர்ந்தால் முட்டு பிடித்துக்கொள்ளும், குனிந்த வாக்கிலேயே ஓரடி நகர்ந்து அடுத்த இலையை எடு. இதற்கா பி.ஏ., பி.எட்.? இதை நானாகக் கேட்கவில்லை, பட்டியலில் எழுதியே இருந்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை, நான்காம் நாள், அசனம், பொறுப்பாளர்கள் என்று தலைப்பு. சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுகிற நாள். அதற்கு இருபத்திரண்டு வேலை, இருபத்திரண்டு பெயர். கறி வெட்டு, அரிசி கழுவுதல், அடுப்பு, சோறு பரிமாறல், குழம்பு, ரசம், தண்ணீர். விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன், பதினைந்து வரைக்கும் என் பெயர் இல்லை. துவக்க ஜெபம் எனக்கு ஒதுக்கியிருப்பார்கள் என்று மறுபடி மேலே போனேன், அதில் ஐயர் பெயர் இருந்தது. குருவானவர், அவருக்குரியது, சரி. மறுபடி இறங்கினேன். இருபத்திரண்டு: எச்சில் இலை எடுப்பு, திரு. ஞானாபரணம், பி.ஏ., பி.எட்., தலைமையாசிரியர் (ஓய்வு). வேறு ஒருத்தன் பெயருக்குப் பின்னாலும் படிப்பு போடவில்லை. பொன்துரை பெயருக்குப் பின்னால் போடவும் வழியில்லை, எட்டாம் வகுப்பில் அவனை இரண்டு தடவை உட்கார வைத்தவன் நான்தான். இப்போது ஏழு லாரி ஓடுகிறது, முப்பத்தொன்பது ஓட்டில் என்னைத் தள்ளிவிட்டுச் சபைச் செயலாளர் ஆகிவிட்டான். பதினெட்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. பட்டியலை நான் படித்துக்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "சார்வாள், முட்டு வலின்னு சொன்னாங்க. முடியலன்னா சொல்லுங்க, பேர மாத்திருவோம்." எவ்வளவு பணிவு குரலில். "முடியும்டே," என்றேன். பலகையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அவன் முகத்தைப் பார்த்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன்.

சுகிர்தம் போகவே வேண்டாம் என்றாள். "உங்கள அசிங்கப்படுத்தணும்னே எழுதியிருக்காங்க. நீங்க எதுக்குப் போறீய? முட்டு வீங்கிப்போய்க் கெடக்கு, சொன்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க." நாற்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் அவளுக்கு என் கணக்கு புரியவில்லை. அசிங்கம் எனக்கா? நான் அந்தக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நுழைகிற நிமிஷம் அசிங்கம் யார் தலையில் விழும்? "போவேன். ஊரே பாக்கட்டும்," என்றேன். அவள், "இதுக்குப் பேரு ஊழியம் இல்ல," என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நானே இஸ்திரி போட்டேன். பெரிய வெள்ளி அன்றைக்குப் போடுகிற சட்டை. கிழிசலைக் கட்டிக்கொண்டு போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நடக்கப்போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் யாராவது, அந்தோணிராஜோ தர்மரோ, துள்ளி எழுவார்கள். ஐயோ சார்வாள், நீங்களா, குடுங்க இங்க என்று கடகத்தைப் பிடித்து இழுப்பார்கள். நான் விடமாட்டேன். ஆண்டவரே இடுப்பில் துண்டைக் கட்டிச் சீஷர்கள் காலைக் கழுவினார், நான் எம்மாத்திரம் என்பேன். அமைதியாக, கண்ணைத் தாழ்த்தி. பந்தல் மொத்தமும் பொன்துரையைத் திரும்பிப் பார்க்கும். எம்மாத்திரம் என்பதா, எம்மட்டு என்பதா, எது நன்றாக இருக்கும் என்று கண்ணாடி முன் நின்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். அறுபத்தேழு வயசில்.

முதல் பந்தி எழுந்தது. யாரும் துள்ளவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை. அந்தோணிராஜ் என்னைப் பார்த்தான், பல்லில் மாட்டின நாரை விரலால் எடுத்துக்கொண்டே, "சார்வாள், இங்கன ஒண்ணு கெடக்கு பாருங்க," என்று காலால் காட்டினான். காலால். இவன் மகளுக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டுமென்று என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவன். தர்மர் கைபேசியில் பேசிக்கொண்டே என்னைச் சுற்றிப் போனான், தூணைச் சுற்றிப் போவதைப் போல. சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, அந்தப் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எலும்பை மூலையில் ஒதுக்கி, "அண்ணே, இதையும் சேத்து எடுத்துருங்க," என்று டம்ளரை இலை மேல் வைத்தாள். அண்ணே. வெள்ளைச் சட்டை, இஸ்திரி, ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. கடகம் கையில் இருந்தால் அதைத் தூக்குகிறவனுக்கு முகம் கிடையாது போலிருக்கிறது. சரி, முதல் பந்தியில் பசி, சோற்றுக்கு முன்னால் யாருக்கும் கண் தெரியாது, இரண்டாம் பந்தியில் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. குழம்பு இலை மடிப்பிலிருந்து ஒழுகி மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரைக்கும் சட்டைக்குள் ஓடியது. சூடு ஆறின கறிக்குழம்பு தோலில் படும்போது ஒரு பிசுபிசுப்பு. துடைக்கக் கை கிடையாது. இரண்டு கையும் எச்சில்.

எதிர் வரிசையில் ஒரு கிழவி எடுக்கிறாள். நான் மூன்று எடுப்பதற்குள் அவள் எட்டு எடுத்துவிடுகிறாள். இலையின் நடு நரம்பைப் பிடித்து ஒரே மடி, உள்ளங்கையால் ஒரு தள்ளு, ஒரு சொட்டு தரையில் விழுவதில்லை. கீழத்தெரு மாசிலாமணியின் பெண்டாட்டி. மாசிலாமணி ஆடி மாசம் செத்துப்போனான். நான் போனேன், மாலை போட்டேன், ஐந்து நிமிஷம் நின்றேன், தேர்தல் வேலை இருந்தது, மூன்று தெருவுக்கு ஓட்டு கேட்டுப் போகவேண்டியிருந்தது, திரும்பிவிட்டேன். இத்தனை வருஷ அசனத்துக்கும் இலை எடுத்தவன் அவன்தான். நான் செயலாளர் ஆவதற்கு முன்னாலேயே எடுத்தவன். பட்டியல் போட்டவன் நான். பதினெட்டு பட்டியல். அதில் கடைசி வரியில் என்ன எழுதினேன் என்று இப்போது யோசிக்கிறேன், கை எடுக்கிறது, மனசு அந்த வரியைத் தேடுகிறது. எச்சில் இலை எடுப்பு, மாசிலாமணி வகையறா. ஆமாம், அப்படித்தான். திரு கிடையாது. மற்ற இருபத்தொரு பேருக்கும் திரு உண்டு, அடுப்புக்காரனுக்குக்கூட உண்டு. வகையறா என்றால் யார் யார்? அவனும் அவனுக்கு வேண்டியவர்களும், யாரோ. நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை. முதல் பந்தி உட்காரும்போது தோளில் சால்வையோடு பந்தல் வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்பேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரு நல்வார்த்தை சொல்வேன், அதில் எனக்குப் பேர் உண்டு. இந்தப் பண்டிகைக்கே ஒரு வருஷம் ஆராதனையில் பிரசங்கம் எனக்குக் கொடுத்தார்கள். உங்களில் பெரியவன் யார் என்று சீஷர்கள் சண்டை போட்டது பற்றி. பரலோகத்திலே முதல் நாற்காலி பந்தியில் எச்சில் இலை எடுக்கிறவனுக்குத்தான் என்று சொன்னேன், பெண்கள் பகுதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இறங்கி வந்தபோது கோயிலின் பின்பக்கச் சுவரோரம் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தான். கையைக் கூப்பினான். நான் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். அன்று மத்தியானமும் அவன்தான் இலை எடுத்தான். முதல் நாற்காலிக்காரன்.

ஒரு விஷயம் இருக்கிறது, அதை நினைக்கக்கூடாது என்று இருந்தேன். வந்துவிட்டது. ஒரு அசனத்தன்று மாசிலாமணி என்னிடம் வந்தான். இதே இடம், இந்தத் தூணுக்குப் பக்கம். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "சார்வாள், எம்புள்ள படிப்ப முடிச்சுட்டு வந்திருக்கா. ஒரு பந்தி அவகூட உக்காந்து சாப்பிடுதேன். அரைமணி நேரம் வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுவீகளா?" என்றான். நான் என்ன சொன்னேன்? "பந்தி நடுவுலயா? முடியட்டும் பாப்போம்." அப்படித்தான் சொன்னேன். முடிந்தபோது அண்டாவில் அடிப்பிடித்த காந்தல்தான் இருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன் மாசிலாமணி, கறியோடு கொடுத்தனுப்புகிறேன். அனுப்பினேனா? தனியாக ஒரு வாளி எடுத்து வைக்கச் சொன்ன ஞாபகம் இருக்கிறது. அது அவனுக்கா, டயோசிஸ் மேலிடத்திலிருந்து வந்தவர்களின் காருக்கா? காருக்கு வைத்தது வேறு வருஷம். இல்லை, அதே வருஷம்தானோ? யாரிடமோ சொன்னேன், கீழத்தெருவுக்கு ஒரு வாளி போகணும் என்று. யாரிடம்? முகம் வரவில்லை. சொன்னேன் என்று நினைக்கும்போது சொன்ன மாதிரியே இருக்கிறது, என் குரல்கூடக் கேட்கிறது, எதிரே நிற்கிறவனுக்கு மட்டும் முகம் இல்லை. அப்படியானால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருப்பேனா? நான் அப்படிப்பட்டவன் இல்லை. அனுப்பியிருப்பேன். இலை வழுக்கியது, குழம்பு என் பாதத்தில் கொட்டியது. எதிர் வரிசைக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். நடு நரம்பைப் பிடித்து மடிப்பது எப்படி என்று காற்றில் ஒருதரம் செய்து காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இவள் சொல்லிக்கொடுக்கிறாள்! எரிச்சலோடு அப்படியே செய்தேன். அடுத்த இலை ஒழுகவில்லை. அதற்கும் எரிச்சல்.

இரண்டாம் பந்தியில் ஐயருக்கு மேஜை போட்டிருந்தார்கள். அவருக்கும் கமிட்டிக்கும் மட்டும் மேஜை, மற்றவர்களுக்குத் தரை. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் நான்தான், ஐயருக்கு இடுப்பு வலி என்று போன ஐயர் காலத்தில் தொடங்கியது, போன ஐயர் போனபின்பும் மேஜை போகவில்லை. இலையில் பாதிக் கறியை அப்படியே விட்டிருந்தார். நான் குனிந்ததும் அவர் எழுந்து நின்றார். ஒருவழியாக ஒருவர் எழுந்து நின்றார். "சார்வாள்! என்ன ஒரு தாழ்மை! சபைக்கே நீங்க ஒரு சாட்சி." இதைத்தான் நான் ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்டதும் கண்ணாடி முன் நின்றதும் இதற்காகத்தான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வாயில் புளிப்பு ஊறியது, கெட்டுப்போன குழம்பை நக்கினது போல. அவர் நிறுத்தவில்லை. "ஒரு படம் எடுத்துக்குவோம், டயோசிஸ் பத்திரிகைக்கு. கடகத்தக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க." யாரோ கைபேசியை நீட்டினார்கள். கிழவி பக்கத்து வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தாள், படத்துக்குள் வந்துவிட்டாள். "ஏ அம்மா, கொஞ்சம் தள்ளிக்க," என்றது கைபேசி. அவள் தள்ளிக்கொண்டாள், இரண்டு கையிலும் இலையோடு பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்றாள். நான் கடகத்தைத் தூக்கிப் பிடித்தேன். சிரித்தேன். அதைச் சொல்லாமல் விடமுடியாது, சிரித்தேன். வைத்திருந்த வசனத்தைச் சொல்ல வாய் திறந்தேன், ஆண்டவரே இடுப்பில் துண்டை என்பது வரைக்கும் வந்துவிட்டேன், அதற்குள் ஐயர் கை கழுவப் போய்விட்டார்.

கொல்லைப்பக்கம் இலை கொட்டக் குழி வெட்டியிருந்தார்கள். ஆடுகள் சுற்றி நின்றன. கடகத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிரும்போது மாசிலாமணியின் மகள் தெபோராள் சுண்ணாம்புத் தூளை வாளியில் கொண்டுவந்து குழியில் தூவினாள். கையில் பட்டியல் தாள் மடித்து வைத்திருந்தாள். இந்த வருஷம் கமிட்டிக்கு வந்தவள், கீழத்தெருவிலிருந்து முதல் பெண், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் என் மாணவி. அசனப் பொறுப்பு இவளுடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை பொன்துரை, பொன்துரை என்றே கொதித்துக்கொண்டிருந்தேன்.

"எம் பேர எழுதுனது யாரு? பொன்துரையா?" என்று கேட்டேன்.

"நான்தான் சார்வாள்."

"நீயா? ஏன்?"

சுண்ணாம்பைக் கீழே வைத்தாள். "கூலிக்கு ஆள் பிடிச்சிருவோம்னாங்க. எனக்கு மனசு வரல. எங்கப்பா செஞ்ச வேல. நீங்க ஒருதரம் பிரசங்கம் பண்ணுனீங்க, பரலோகத்துல முதல் நாற்காலி யாருக்குன்னு. அத அப்பா சாவுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாவ. ஒவ்வொரு அசனமும் முடிஞ்சு வந்து, கை கழுவக் கழுவ வாசம் போவாது, மோந்து பாத்துக்கிட்டே சொல்லுவாவ, சார்வாளே சொல்லிட்டாவ பிள்ளன்னு. அப்ப அந்த வேலைய யாருக்குக் குடுக்கது? சொன்னவங்களுக்குத்தான குடுக்கணும்?"

"பி.ஏ., பி.எட்.னு வேற போட்டிருக்க."

"பெரிய வேலன்னா படிப்பும் போடணும்லா."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் படித்த வருஷங்கள் எத்தனையோ, இந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. "எங்கிட்ட நேராச் சொல்லு. மரியாதைக்கு எழுதுனியா, பழிக்கு எழுதுனியா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் என்னை உலுக்கியது. "ரெண்டுக்கும்தான் சார்வாள்," என்றாள்.

இந்த நேரத்தில் திரும்பிப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கப்பா ஒருதரம் உன்கூட ஒரு பந்தி உக்காரணும்னு கேட்டாரு. அன்னைக்கு வீட்டுக்குச் சோறு குடுத்தனுப்புனேனா? வந்துச்சா?"

"எந்த வருஷம் சார்வாள்?"

"எந்த வருஷமா?"

"வருஷா வருஷம் கேப்பாவளே." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "மூணாம் பந்தி எந்திரிக்கு. அம்மா ஒத்தைல எடுக்கா. நீ உக்காரும்மான்னா கேக்கமாட்டேங்கா."

"அம்மா பேரு என்ன?"

நின்று என்னைப் பார்த்தாள். "ஞானப்பூ. உங்க பேருல பாதி."

மூன்றாம் பந்தி. குனி, எடு, மடி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதற்கு இறங்க இடமில்லை. ரெண்டுக்கும்தான். எவ்வளவு திமிர். என்னிடம் வாய்ப்பாடு படித்த வாய். இல்லை, திமிர் இல்லை, நான் கேட்டதற்குப் பதில். மாசிலாமணி மேல் கோபம் வருகிறது. ஒரு பிரசங்கத்தை, அழகுக்குச் சொன்ன ஒரு வரியை, எவனாவது இப்படி நம்புவானா? எனக்கு அன்றைக்கு அந்த வரி கிடைத்தது, நன்றாக விழுந்தது, சொன்னேன், அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துச் சாகும்வரை மோந்து பார்த்திருக்கிறான். நம்பச் சொல்லி நான் கேட்டேனா? கேட்டேன். பிரசங்கம் என்றால் பிறகு என்ன? வருஷா வருஷம் கேட்டானாம். எனக்கு ஒரு வருஷம்தான் ஞாபகம் இருக்கிறது. மற்ற வருஷங்களில் அவன் கேட்கும்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? யாருடைய காரை? உம்மேலும் எனக்குக் கோபம்தான் ஆண்டவரே, சொல்லிவிடுகிறேன், கடகம் தூக்குகிறவனுக்கு இந்த உரிமையாவது வேண்டும். நீர் ஒரே ஒரு சாயங்காலம் துண்டைக் கட்டினீர். பன்னிரண்டு ஜோடிக் கால். உம்மை இரண்டாயிரம் வருஷம் பாடுகிறோம். இவன் முப்பது வருஷம் குனிந்தான், ஊர் மொத்தத்துக்கும் குனிந்தான், அவன் பெயருக்கு முன்னால் திரு என்கிற இரண்டு எழுத்தைப் போட ஒரு ஞானாபரணத்துக்கு மனசு வரவில்லை. அந்தப் பேதுருவாவது நீர் என் காலைத் தொடக்கூடாது என்று கத்தினான், அவனுக்காவது கூச்சம் இருந்தது. எங்கள் ஊரில் எவனும் கத்தவில்லை. நான் கத்தவில்லை. தின்றோம், எழுந்தோம், போனோம். நீர் அந்தச் சுவரோரம் நின்று கையைக் கூப்பினீரா? நான் தலையை ஆட்டிவிட்டுப் போனது உமக்கா? சே, இதையும் ஒரு பிரசங்கமாக ஆக்குகிறேன் பார். வரி நன்றாக விழுகிறது. இதை அடுத்த வருஷம் சொன்னால் பெண்கள் பகுதியில் அழுவார்கள். என் வாயில் மண் விழ. குனி. எடு. மடி.

நாலாம் பந்தியும் எழுந்து, பந்தலில் வெயில் சாய்ந்துவிட்டது. பரிமாறினவர்களும் அடுப்புக்காரர்களும் முன்னாலேயே உட்கார்ந்து முடித்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள்தான், இலை எடுத்தவர்கள், நானும் ஞானப்பூவும். வகையறா என்றால் இவ்வளவுதான் என்று அப்போது தெரிந்தது. மாசிலாமணியும் இவளும். ஊர்ச் சனம் பந்தலுக்கு வெளியே கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தது, பொன்துரை நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தான். தெபோராள் இரண்டு இலை போட்டாள். அண்டாவைச் சுரண்டின சோறு, அடியில் கிடந்த குழம்பு, அதில் உருளைக்கிழங்கு கரைந்திருந்தது, எனக்கு ஒரு எலும்பு, அவளுக்கு ஒரு எலும்பு. தரையில் உட்கார முட்டு மடங்கவில்லை, கையை ஊன்றி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே உட்காரவில்லை, நாலு இலை தூரம் தள்ளி உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஜெபித்தாள். நீண்ட ஜெபம், உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் அதற்குள் தின்னத் தொடங்கிவிட்டேன். கையை எத்தனை தரம் கழுவினாலும் விரலில் மற்றவர்களின் எச்சில் வாசம், அதே விரலால் பிசைந்து தின்றேன். பசியும் ஆத்திரமும் சேர்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எழுந்தேன். தண்ணீர்க் குழாயை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டேன்.

பின்னால் சேலை சரசரப்பு கேட்டுத் திரும்பினேன். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருந்தாள். எச்சில் கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, இடது கையை நீட்டி, என் இலையை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தாள். நான் என் இலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காலையிலிருந்து ஊர் முழுக்க விட்டுவிட்டுப் போனதைப் பார்த்து வெந்தவன், தின்றேன், எழுந்தேன், போனேன்.

"தொடாத!" என்று கத்தினேன்.

என் மேல் நான் கத்தினது அது. ஆனால் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தை. பந்தலுக்கு வெளியே பேச்சு நின்றுவிட்டது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது, அந்தோணிராஜ், தர்மர், ஐயர், நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பொன்துரை. காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை கண்களும் இப்போது கிடைத்தன. தெபோராள் கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தாள், அந்தச் சத்தம் கேட்டது. ஞானப்பூவின் கை சட்டென்று பின்னால் போய்விட்டது. அவள் அதிரவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. கை மட்டும் தானாகப் போனது. அந்த வார்த்தையை அந்தக் கை எத்தனை தடவை கேட்டிருந்தால் அப்படித் தானாகப் போகும்? கீழத்தெருவைப் பார்த்து இந்த ஊர் சொன்ன வார்த்தை அது, கோயிலுக்குள்ளும் சொன்ன வார்த்தை. நான் வாய் திறந்து சொன்னதில்லை, எழுத்தில் வகையறா என்று எழுதினேன். இன்றைக்கு வாய் திறந்தும் சொல்லிவிட்டேன்.

"அப்படிச் சொல்லல," என்றேன். யாருக்குச் சொன்னேன்? விளக்கிச் சொல்ல வார்த்தைகள் வந்தன, நிறைய வந்தன, முப்பத்தாறு வருஷமும் பதினெட்டு வருஷமும் பேசினவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஒவ்வொன்றும் பிரசங்கமாக இருந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை. நாலு எட்டு திரும்பி நடந்தேன். குனிந்தேன், முட்டு கத்தியது, என் இலையை நடு நரம்பில் பிடித்து மடித்தேன், கடகத்தில் போட்டேன். அவள் திரும்பிப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடகத்தை எடுத்துக்கொண்டு அவள் இலைக்கு முன்னால் போய் நின்றேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பார்க்காமல் தொலையட்டும் என்றிருந்தது. பொன்துரை எழுந்து வந்தான், "சார்வாள், குடுங்க நான் எடுக்கேன், வயசான காலத்துல," என்று கடகத்தின் காதைப் பிடித்தான். நான் ஒரு வாரமாக யாரிடமாவது எதிர்பார்த்த கை அது. "போலே," என்றேன். கையை எடுத்துவிட்டான்.

"ஞானப்பூம்மா," என்றேன். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல். "எலையக் குடுங்க. நான் எடுக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் சட்டையில் வழிந்திருந்த குழம்பை, பாதத்தில் காய்ந்திருந்த குழம்பை, கடகத்தை, முகத்தை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மன்னித்த முகமா, மன்னிக்காத முகமா, எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

"நான் இன்னும் சாப்ட்டு முடிக்கலியே சார்வாள்," என்றாள்.

சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பினாள். அவசரப்படவில்லை. சோற்றைக் கொஞ்சமாகப் பிரித்து, குழம்பைத் தொட்டுப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்து, மென்று, விழுங்கி, அடுத்ததைப் பிரித்தாள். எலும்பை எடுத்து ஒரு முனையை உறிஞ்சினாள், திருப்பி மறுமுனையை உறிஞ்சினாள். மகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள், இன்னும் கொஞ்சம் ரசம் கிடக்கா பிள்ள என்று கேட்டாள், தெபோராள் தேடிப் பார்க்கப் போனாள். என் முட்டு தீயாக எரிந்தது. கோபம் போகவில்லை, உள்ளே அப்படியே இருந்தது. கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவள் முடிக்கிற வரைக்கும் நின்றேன்.